ரோஜர் வில்லியம்ஸ்

பக்தியற்றவன் ஒருவன் அரசையும் மதத்தையும் பிரித்துவைக்க விரும்பினால் அதில் வியப்பொன்றுமில்லை. வாழ்நாள் முழுதும் வேதத்தைக் கைவிடாத போதகர் ஒருவர் அவ்வேதத்தின் பொருட்டே அப்பிரிவினையை வேண்டினார் என்பதும், அதனால் நாடு கடத்தப்பட்டார் என்பதும் நாம் ஊன்றிச் சிந்தித்தற்குரியன. அவரே ரோஜர் வில்லியம்ஸ் என்னும் பெரியார்.

இவர் 1603-ம் ஆண்டளவில் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே சுருக்கெழுத்துப் பயின்று, சட்டமேதையாகிய சர் எட்வர்டு கோக்கின் அன்பைப் பெற்று, அவருதவியால் சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கற்று, 1627-ல் பட்டம் பெற்றார். அக்காலத்து இங்கிலாந்தில் அரசனே திருச்சபைக்கும் தலைவன். அவன் வகுத்த ஆராதனை முறைக்கு இணங்காதார் அபராதத்திற்கும் சிறைக்கும் ஆளாயினர். அது பொறாத பியூரிட்டன்மார் பலர் கடல் கடந்து அமெரிக்கா சென்றனர். வில்லியம்ஸும் தம் மனைவி மேரியுடன் கப்பலேறி, 1631-ம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாசச்சூசெட்ஸ் நாட்டை அடைந்தார்.

கொடுமைக்குத் தப்பி வந்தவர்களே அங்கே பிறர்க்குக் கொடுமை செய்யக் கண்டார். அந்நாட்டில் சபை அங்கத்தினர்க்கே வாக்குரிமையிருந்தது. ஆராதனைக்கு வருதலும் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. சேலம் என்னும் ஊரிலே போதகராயமர்ந்த வில்லியம்ஸ் இதனை எதிர்த்தார். பத்துக் கற்பனைகளுள் முதல் நான்கும் மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலுள்ளவை. அவற்றை மீறுவோரைத் தண்டிக்க நியாயாதிபதிக்கு அதிகாரமில்லை என்றார். சத்தியப் பிரமாணம் ஒருவகை ஆராதனையாதலின், அதை விசுவாசமில்லாதவன்மேற் சுமத்தலாகாது என்றார். பூர்வகுடிகளின் நிலம் அரசனுடைய பட்டயத்தால் வெள்ளையர்க்கு உரியதாகாது என்றும் துணிந்து கூறினார். நீதிமன்றத்தார் 1635-ம் ஆண்டு அக்டோபரில் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தனர். பிடித்துக் கப்பலேற்ற முயல்வதை அறிந்த அவர், 1636-ம் ஆண்டு ஜனவரியில், உறைபனியினூடே தனித்து வெளியேறினார். கிறிஸ்தவர் துரத்திய அவருக்கு அடைக்கலம் அளித்தவர்கள் வாம்பனோக் என்னும் பூர்வகுடி மக்களே.

அவ்வாண்டே நாரகான்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று ஓர் ஊரை அமைத்து, தெய்வ பராமரிப்பு எனப் பொருள்படும் பிராவிடன்ஸ் என்னும் பெயரை அதற்கிட்டார். உலகியற் காரியங்களில் மட்டுமே பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவதென்று ஊரார் உடன்படிக்கை செய்தனர். 1638-ல், தன் மனைவி வேதக் கூட்டத்திற்குச் செல்வதைத் தடுத்த ஒருவனுடைய வாக்குரிமையை ஊரார் பறித்தனர். மனைவிக்கும் மனச்சாட்சி உண்டு என்பதை அவ்வூர் அக்காலத்திலேயே ஏற்றது!

1644-ம் ஆண்டில் இலண்டனில் வெளியான அவரது நூலொன்றைப் பார்லிமெண்டார் எரிக்கக் கட்டளையிட்டனர். திருச்சபை தோட்டமென்றும், உலகம் வனாந்தரமென்றும், இடையிலுள்ள வேலி சிதைந்தால் கெடுவது தோட்டமே என்றும் அவர் கருதினார். நீரோவின் வாளினும் கான்ஸ்டன்டைனின் தயவே சபைக்கு மிகுந்த கேடு விளைத்தது என்பதும், கட்டாய ஆராதனை தேவனுக்கு அருவருப்பு என்பதும் அவர் கொள்கைகள். குவேக்கர்களின் போதனையை அவர் அறவே வெறுத்தார். 1672-ல் முதுமையையும் பாராது படகு வலித்துச் சென்று அவர்களோடு வாதிட்டார். ஆயினும், மற்றை நாட்டார் அவர்களைத் தூக்கிலிட்ட காலத்தில், ரோட் ஐலண்டில் அவர்கள் அச்சமின்றி வாழ்ந்தனர். தமக்கு உடன்பாடில்லாதவரையும் காத்தமையே அவர் கொள்கையின் உரைகல்.

குறையிலாத மனிதர் இலர். 1676-ம் ஆண்டுப் போரில் பிராவிடன்ஸ் எரியுண்டது. அதன்பின் சிறைப்பட்ட பூர்வகுடிகளை அடிமைவேலைக்கு விற்றதில் அவருக்கும் பங்கிருந்தமை நம்மை வருத்துகின்றது. 1683-ல் அவர் காலமானார். அவரை நாடு கடத்திய தீர்ப்பை மாசச்சூசெட்ஸ் சட்டசபையார் 1936-ல்தான் நீக்கினர்.

அவர் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. பிராவிடன்ஸை அடுத்த கிரான்ஸ்டன் நகரில், அரசாங்கப் பள்ளியொன்றின் மண்டபச் சுவரிலே 1963-ம் ஆண்டு முதல் பரமபிதாவை நோக்கிய ஜெபமொன்று எழுதப்பட்டிருந்தது. கடவுள் நம்பிக்கையில்லாத மாணவி ஒருத்தி அது தகாதென வழக்கிட்டாள். வசைகளும் மிரட்டல்களும் அவளைச் சூழ்ந்தன. 2012-ம் ஆண்டு ஜனவரியில் நீதிமன்றம் அதனை அகற்றக் கட்டளையிட்டது. பள்ளி நிர்வாகத்தார் மேல்முறையீடு செய்யாது இணங்கினர்.

ஜெபத்தை நேசிக்கும் நமக்கு இச்செய்தி முதலில் மனவருத்தந் தரலாம். ஆயின் வில்லியம்ஸின் சரித்திரத்தை அறிந்தோர் சற்று நின்று நோக்குவர். யாவருடைய வரிப்பணத்தாலும் நடக்கும் பள்ளியில், அரசின் கையால் எழுதப்பட்ட ஜெபம் யாருடைய ஜெபம்? விரும்பாத பிள்ளையின் கண்முன் அதை நிறுத்துவதால் தேவன் மகிமைப்படுவரோ? பெரும்பான்மையோராயிருக்கும் இடத்தில் நாம் பிறர்க்கு மறுப்பதை, சிறுபான்மையோராயிருக்கும் இடத்தில் எந்த முகத்தோடு கேட்போம்?

சுவரில் எழுதிய ஜெபத்தை நீதிமன்றம் அழித்தல் கூடும். உள்ளத்தில் எழுதியதை எவரும் அழித்தல் கூடாது. உறைபனியில் நடந்த அப்போதகர் காக்க விழைந்தது இவ்விரண்டாவது ஜெபத்தையே. அதனைக் காக்கும் கடன் மாணவராகிய நமக்கும் உரியதாகுக!