ஆணையின் அருமை அறிந்த ஓகானல்

வாய்ச்சொல்தானே என்று நாம் எளிதில் ஆணையிட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லுக்காகக் கையில் கிடைத்த பதவியையே ஒதுக்கியவர் ஒருவர் உண்டு. அவரே அயர்லாந்து மக்கள் விடுதலையாளர் எனப் போற்றிய டேனியல் ஓகானல்.

1775ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் கெரி மாவட்டத்தில் பிறந்தார். கத்தோலிக்கர் பல உரிமைகளை இழந்திருந்த காலம் அது. பிரான்சில் கல்வி பயின்று, 1798இல் வழக்கறிஞரானார். மறு ஆண்டே டப்ளினில் ஃபிரீமேசன் சங்கத்தில் சேர்ந்து, பின்னர் தம் கிளைக்குத் தலைவருமானார்.

இச்சங்கத்தில் கத்தோலிக்கர் சேரலாகாது என்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளெமெண்ட் 1738லேயே தடை விதித்திருந்தார். பல சமயத்தாரும் ஒன்றுகூடி, உள்ளே நடப்பதை வெளியிடுவதில்லை என்று கடும் ஆணையிடுவதைத் திருச்சபை ஐயுற்றது. நேர்மையான செயலுக்கு மறைவு எதற்கு என்பது அதன் கேள்வி. ஆயினும் அயர்லாந்தில் அத்தடை அந்நாளில் வலுவாக நடைமுறைக்கு வரவில்லை. கத்தோலிக்கர் பலர் அதில் உறுப்பினராக இருந்தனர்.

1823இல் ஓகானல் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். இது மறைவின்றி இயங்கியது. மாதம் ஒரு பென்னி வீதம் ஏழைகளும் சந்தா செலுத்தினர். 1828இல் கிளேர் தொகுதியில் வென்றார். 1829இல் கத்தோலிக்கர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதற்குமுன் தேர்வானவர் என்பதால் பழைய உறுதிமொழியையே அவர் ஏற்கவேண்டும் என்றனர். அது அவருடைய சமயக் கொள்கைக்கு முரணானது. உறுதிமொழித் தாளைப் படித்துப் பார்த்தார். பொய்யென்று தாம் அறிந்ததை ஆணையிட்டுக் கூற மறுத்தார். இருக்கை பறிபோயிற்று. மீண்டும் தொகுதிக்குச் சென்று, போட்டியின்றி வென்று திரும்பினார்.

புகழின் உச்சியில் இருந்தபோது அவருடைய பழைய சங்கத் தொடர்பு பேசப்பட்டது. மூடி மறைத்திருக்கலாம். அவரோ 1837இல் செய்தித்தாளுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். தாம் உறுப்பினராகவும் தலைவராகவும் இருந்ததை ஒப்புக்கொண்டார்; அதனை நெடுநாள் முன்பே கைவிட்டதையும் தெரிவித்தார். எதிராளியைத் தூற்றவுமில்லை. ஆணைகள் நீங்கலாக, மதுவிலக்குப் பணிக்குச் சிறிது இடையூறாகலாம் என்பதைத் தவிர, அயர்லாந்தில் அச்சங்கத்தால் தீங்கில்லை என்றே எழுதினார். இறைவன் பெயரால் தேவையின்றி அடுக்கடுக்காக ஆணையிடுவதே அவர் கண்ட பெருங்குற்றம்.

1847 மே 15ஆம் நாள் ரோமுக்குச் செல்லும் வழியில் ஜெனோவா நகரில் மறைந்தார். அவருடைய இதயம் ரோமுக்கும், உடல் டப்ளினுக்கும் கொண்டு செல்லப்பட்டன.

தவற்றை ஒப்புக்கொள்வதால் பெருமை குறைவதில்லை என்பதற்கு ஓகானலின் கடிதம் சான்று. சொல்லைக் காத்தவரை நாடும் காத்தது என்பதற்குக் கிளேர் மக்களே சான்று.