கிட்டார் வாசிக்கத் தெரியாத மெக்கானிக்

லியோ பெண்டர் அமெரிக்காக்காரர். ரேடியோ மெக்கானிக். அவருக்கு ஒரு கண்தான் உண்டு. கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் தெரியாது. ஆனால், அவர் செய்த கிட்டார்களும் வால்வு ஒலிபெருக்கிகளும் உலகம் எங்கும் முழங்கின.

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்டன் ஊர் அருகே பிறந்தார். பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. 8 வயதில் கண்ணில் கட்டி வந்தது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டு, கண்ணாடிக் கண் பொருத்தினார்கள்.

சிறுவனாக இருந்தபோது, மாமா ஒருவர் ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே பழைய கார் ரேடியோ சாமான்கள்! அன்று பிடித்தது ரேடியோப் பித்து.

படித்தது என்னவோ கணக்கு எழுதும் படிப்பு. வேலையும் அதுதான். நாட்டில் பஞ்ச காலம். வேலை போய்விட்டது. கையில் பணம் இல்லை. மனைவி இருந்தார். 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

"உர்" என்ற சத்தம்

பாட்டுக்காரர்கள் பழுதான ஒலிபெருக்கிகளை அவரிடம் கொண்டு வந்தார்கள். கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

வாசிக்காதபோதும் "உர்" என்று இரைந்தால், கண்டென்சர் உலர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது அதுதான். காலப்போக்கில் அதன் உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடும். புதிது போட்டால் சத்தம் அடங்கும். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாதவர் கை வைத்தால் ஆபத்து!)

வால்வை பென்சிலால் மெல்லத் தட்டினால் "டிங்" என்று ஸ்பீக்கரில் கேட்கிறதா? வால்வுக்கு உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது. வால்வை மாற்றவேண்டும். குமிழைத் திருகும்போது கரகர என்றால், அங்கே தூசி. சுத்தம் செய்தாலே போதும்.

ரிப்பேர்காரர் செய்த பெட்டி

1945-ல் ஒரு நண்பரோடு சேர்ந்து கிட்டாரும் சிறு ஒலிபெருக்கியும் செய்தார். 1946-ல் தனிக் கம்பெனி தொடங்கினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக 1948-ல் ஒரு சின்னஞ்சிறு ஒலிபெருக்கி வந்தது. பின்னால் 'சாம்ப்' என்ற பெயர் நிலைத்தது.

அதில் மூன்றே வால்வுகள். ஒன்று, கிட்டாரின் மெல்லிய ஒலியைப் பெருக்கும். ஒன்று, ஸ்பீக்கரை இயக்கும். மற்றது, ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கும். பாகங்களை ஒரே அட்டையில், கைக்கு எட்டும்படி வரிசையாக அமைத்தார். எந்த இடத்தில் எந்த வால்வு என்று அச்சடித்த தாளைப் பெட்டிக்கு உள்ளேயே ஒட்டினார். ரிப்பேர்காரரின் கஷ்டம் ரிப்பேர்காரருக்குத்தானே தெரியும்!

1951-ல் 'டெலிகாஸ்டர்', 1954-ல் 'ஸ்ட்ராடோகாஸ்டர்' கிட்டார்கள் வந்தன. கழுத்து கெட்டுப்போனால், திருகைக் கழற்றி வேறு கழுத்து மாட்டலாம்.

நோயும் விற்பனையும்

இவ்வளவு புகழுக்கு நடுவே நோய் பிடித்தது. மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளில் கிருமி தொற்றி, பல ஆண்டுகள் வாட்டியது. இனிப் பிழைக்கமாட்டோம் என்று பயந்துவிட்டார். 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர்!

அதன்பின் வேறு டாக்டர் பார்த்தார். நோய் தீர்ந்தது! உடம்பு தேறிவிட்டது, கம்பெனியோ கையைவிட்டுப் போய்விட்டது. பெண்டர் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் கிட்டார் செய்யத் தொடங்கினார். முதுமையில் கை நடுக்க நோய் வந்தது. அப்போதும் தொழிற்சாலைக்குப் போனார்.

1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். அதற்கு முந்தின நாள்கூட வேலைக்குப் போயிருந்தார்.