லெகோ தந்த தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்ம பெக்கோக்கிலிருந்தும் சில குடும்பங்கள் யோங் பெங் வழியாக இஸ்கண்டார் புத்ரிக்குக் கிளம்பிவிடுகின்றன. எதற்கு? லெகோலாந்து பார்க்கத்தான். நம் ஜொகூர் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா ஆசியாவின் முதல் லெகோலாந்து ஆகும். ஒரு முறை டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் ஒரு ரகம். வருட அட்டை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி போகிறவர்கள் இன்னொரு ரகம். கடையில் லெகோ வாங்கினால் கணக்கில் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் சலுகை கிடைக்கும். சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் வைப்பதைப் போல இந்தச் சின்னக் கட்டைகளுக்கும் உலகமெங்கும் மன்றங்கள் இருக்கின்றன. நரைத்த தலையுடைய பெரியவர்களும் அவற்றில் உறுப்பினர்கள்!

இத்தனை பேருடைய அன்பையும் சம்பாதித்த மனிதர் யார்? அவர் பூங்காவையும் பார்க்கவில்லை, மன்றத்தையும் பார்க்கவில்லை. அவர் ஒரு கிராமத்துத் தச்சர்.

டென்மார்க் நாட்டின் ஜட்லாந்து பகுதியில், பில்லுண்ட் என்ற சிற்றூருக்கு அருகே, 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் பிறந்தார். ஏழைக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். தம் அண்ணனிடமே தச்சு வேலை பழகினார். பிறகு ஜெர்மனியிலும் நார்வேயிலும் கூலிக்கு வேலை செய்தார். நார்வேயில் கிறிஸ்டீனே என்ற மங்கையைச் சந்தித்து மணமுடித்து, 1916இல் பில்லுண்டில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். கதவு, ஜன்னல், அலமாரி, சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களுக்கு வீடு என்று தொழில் நடந்தது.

1924இல் முதல் அடி விழுந்தது. அவருடைய மகன்கள் இருவர், நாலு வயசும் அஞ்சு வயசும் இருக்கும், பட்டறையில் விளையாட்டாகத் தீ மூட்டினார்கள். மரச் சீவல் கிடக்கிற இடம், கேட்க வேண்டுமா? பட்டறையும் போயிற்று, வீடும் போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பார்கள். இவர் முன்னையதைவிடப் பெரிதாகக் கட்டினார்.

அடுத்த அடி இன்னும் பெரிது. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகையே சுருட்டியது. மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு செய்து, நம் மூதாதையர் பலரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பிய அதே காலந்தான் அது. பில்லுண்டில் வீடு கட்ட யாரிடமும் பணம் இல்லை. ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்த வேண்டி வந்தது. அந்தச் சமயம் பார்த்து 1932இல் மனைவி கிறிஸ்டீனேயும் காலமானார். கையில் வேலை இல்லை. வீட்டில் தாயில்லாத நான்கு ஆண் பிள்ளைகள்.

அந்த ஆண்டில்தான் அவர் பொம்மை செய்ய ஆரம்பித்தார். மிஞ்சிக் கிடந்த மரத்தில் சின்ன வண்டிகள், இழுத்துப் போகும் மிருகங்கள் ஆகியவற்றோடு, வீட்டுக்கு உதவும் ஏணி, இஸ்திரிப் பலகை முதலியனவும் செய்தார். கடனுக்குப் பிணை நிற்கக் கேட்டு உடன்பிறந்தார்களிடம் போனபோது, உருப்படியான பொருள் எதையாவது செய்யக்கூடாதா என்று அங்கலாய்த்தார்களாம். ஆனாலும் அவர் விடவில்லை. யோயோ மோகம் வந்தபோது நிறையச் செய்தார். மோகம் தணிந்து சரக்கு தேங்கியதும், யோயோக்களை இரண்டாகப் பிளந்து பொம்மை லோரிக்குச் சக்கரமாக்கிவிட்டார். நம்ம தோட்டத்துப் பையன்கள் ரப்பர் கொட்டையையும் பால்டின்னையும் வைத்து என்னென்னவோ செய்தார்களே, அந்தப் புத்திதான்.

1934இல் பட்டறைக்குப் பெயர் வைக்க ஒரு போட்டி வைத்தார். நல்ல பெயர் சொல்லும் தொழிலாளிக்கு, தம் வீட்டில் தயாரித்த பழ மது ஒரு போத்தல் பரிசு. இன்றைக்குப் புள்ளியும் சலுகையும் வழங்கும் அந்த நிறுவனம் அன்று அறிவித்த பரிசு இவ்வளவுதான். அதையும் வென்றவர் யாரென்றால், அவரேதான்! நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று வைத்தார்.

இனி நான் சொல்லப் போவதுதான் அவருடைய வாழ்க்கையிலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மர வாத்து ஒன்று அப்போது நன்றாக விற்றது. ஒவ்வொரு வாத்துக்கும் மூன்று முறை வார்னிஷ் பூசுவது வழக்கம். ஒரு நாள் மகன் கோட்பிரட் ஒரு பெட்டி வாத்தை ரயில் நிலையத்தில் அனுப்பிவிட்டு, முகமெல்லாம் மலர வீடு திரும்பினான். அப்பாவுக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன், மூன்று பூச்சுக்குப் பதில் இரண்டே பூச்சு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று பெருமையாகச் சொன்னான். தகப்பனார் முகம் மாறியது. உடனே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பி வாங்கி வரும்படியும், விடிய விடிய ஆனாலும் மூன்றாவது பூச்சைத் தனியாகவே பூசி, மறுபடி கட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படியும் ஆணையிட்டார். பையன் போனான். ராத்திரி முழுக்கப் பூசினான்.

அந்த வாத்தை எந்த ஊர்ப் பிள்ளை இழுத்து விளையாடப் போகிறது என்று தகப்பனாருக்குத் தெரியாது. பூச்சு குறைந்தது அந்தப் பிள்ளைக்கும் தெரியப் போவதில்லை. அப்படியும் திருப்பி அனுப்பினார் பாருங்கள்! வருட அட்டையும் புள்ளிக் கணக்கும் ஆட்களை மறுபடி கடைக்கு இழுக்கும். அது வியாபாரம், தப்பில்லை. ஆனால் ஆளை மன்றம் கட்ட வைப்பது அட்டையல்ல, இந்த மூன்றாவது பூச்சுதான் என்பது என் எண்ணம்.

1942இல் மீண்டும் தீ. தொழிற்சாலை சாம்பலாகியது. நாடோ ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்தது. மீண்டும் கட்டினார். போர் முடிந்ததும், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இங்கிலாந்து இயந்திரம் ஒன்றை 30,000 குரோனருக்கு வாங்கினார். மரத்தொழில் செய்கிறவருக்கு இது எதற்கு என்று குடும்பத்திலேயே முணுமுணுப்பு. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்தக் கட்டை அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் முன்பே செய்ததைப் பார்த்து, மாற்றியமைத்துச் செய்தது. அதன் உரிமையை லெகோ நிறுவனம் 1981இல்தான் விலை கொடுத்து வாங்கியது. தொடக்கத்தில் அந்தக் கட்டைகள் சரியாகப் பிடிக்கவும் இல்லை. கட்டின வீடு சாய்ந்துவிடும், விற்பனையும் மந்தம்.

அந்தக் குறையைத் தீர்த்தவர், அன்று ராத்திரி முழுக்க வார்னிஷ் பூசிய அதே கோட்பிரட். கட்டையின் உட்புறம் குழாய்களை வைத்து, மேலே உள்ள குமிழ்கள் கவ்விப் பிடிக்கும்படி செய்து, 1958 ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சரியாக ஆறு வாரம் கழித்து, மார்ச் 11ஆம் நாள், மாரடைப்பால் ஓலே கிர்க் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருக்கு வயது 66.

அதன்பின் நடந்ததெல்லாம் அவர் காணாதது. தொழிற்சாலையில் இருந்த மாதிரி உருவங்களைப் பார்க்க வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் வரத் தொடங்கி, வேலைக்கே இடைஞ்சலானது. அதனால் வெளியே ஒரு பூங்கா அமைத்துவிடலாம் என்று கோட்பிரட் முடிவு செய்தார். 1968 ஜூன் 7இல் பில்லுண்டில் முதல் லெகோலாந்து திறக்கப்பட்டது. அந்தச் சிற்றூருக்கு முதல் ஆண்டிலேயே 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, கடைசியில் நம்ம ஜொகூர். இங்குள்ள மினிலாந்தில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமும் தாஜ்மகாலும் இந்தக் கட்டைகளாலேயே நிற்கின்றன.

இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. 2003, 2004ஆம் ஆண்டுகளில், கண்டதையெல்லாம் செய்யப் போய் நிறுவனம் பெரும் நஷ்டத்தில் விழுந்தது. பூங்காக்களையே 2005இல் வேறு கைக்கு விற்க நேர்ந்தது. அப்போதுதான் நிர்வாகம் ரசிகர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. மன்றங்களை முறையாக அங்கீகரித்தது. அவர்களின் யோசனையைக் கேட்டது. ரசிகர் ஒருவர் புதிய வடிவம் அமைத்து, அதற்கு 10,000 பேர் ஆதரவு திரட்டினால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். தேர்வாகிக் கடைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 விழுக்காடு அவருக்கு. விசுவாசத்துக்குச் சன்மானம் என்றால் இதைச் சொல்லலாம். கீச்சங்கிலியும் கழிவுச் சீட்டும் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்!

1958இல் வார்த்த கட்டை இன்றைக்கு வாங்கும் கட்டையோடு பொருந்தும். தாத்தா வைத்திருந்ததைப் பேரன் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டலாம். அதற்காக அச்சுகளை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கூடப் பிசகாமல் செய்கிறார்கள். ஆறே ஆறு எட்டுக்குமிழ்க் கட்டைகளை 91 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று கணித ஆசிரியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பில்லுண்டில் 1924 தீக்குப் பிறகு அவர் கட்டிய வீடு, வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளோடு இன்றும் நிற்கிறது. அதே ஊரில் 2017இல் திறந்த லெகோ இல்லத்துக்குப் பல நாட்டு மன்றத்தார் பயணம் போகிறார்கள். 2020இல் அங்கே மட்டும் விற்பனைக்கு வந்த ஒரு பெட்டியை, கப்பல் செலவைப் பார்க்காமல் தேடிப் பிடித்து வாங்கியவர்கள் உண்டு. 621 கட்டைகள் கொண்ட அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கினால் கிடைப்பது, ஓலே கிர்க்கின் பழைய மர வாத்து.