கறுப்புத் திரைக்கு முன் நின்றவர்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்காகச் சிறிய படம் ஒன்று எடுத்தோமே, நினைவிருக்கிறதா நண்பர்களே? விடுதி மாடியில், தில்லிக் குளிரில், பச்சைத் துணியைக் கட்டி அதன் முன் நடித்தோம். கணிப்பொறி பச்சையை நீக்கிவிட்டு அவ்விடத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை வைத்தது. ஆனால் கதாநாயகி அணிந்து வந்ததோ கிளிப்பச்சைப் பாவாடை! அவருக்கு இடுப்புக்குக் கீழே கோபுரம்தான் தெரிந்தது. எல்லாரும் சிரித்தனர். எனக்கோ இந்த வித்தையின் பூர்வோத்தரத்தை அறியும் ஆவல் பிறந்தது. தேடியபோது அகப்பட்டவர் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியெஸ்.

1861-இல் பாரிசில் பிறந்தார். தந்தைக்குப் பூட்சுத் தொழிற்சாலை இருந்தது. மகனுக்கோ மனமெல்லாம் செப்பிடுவித்தையில். தம் பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, 1888-இல் ராபர்ட் ஹூதின் நாடக அரங்கை வாங்கினார். 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய சலனப் படத்தைக் கண்டு மயங்கினார். அவர்கள் கருவியை விற்க மறுத்தனர். லண்டனிலிருந்து வேறொரு கருவியை வாங்கிக் காமிராவாக மாற்றிக்கொண்டார். 1897-இல் மோந்த்ரேயில் கண்ணாடிக் கூரை வேய்ந்த படப்பிடிப்பு நிலையமும் எழுந்தது.

அவருடைய தந்திரம் இதுதான். கறுப்புத் துணியிலிருந்து ஒளி வருவதில்லை; ஆகவே படச்சுருளில் அந்தப் பகுதி மட்டும் புதிதாகவே இருக்கும். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மீதி இடத்தில் மறுபடி படம் பிடிக்கலாம். 1898-இல் இப்படித்தான் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 1900-இல் ஒரே மேடையில் ஏழு மெலியெஸ்கள் அமர்ந்து வாத்தியம் வாசித்தனர்! ஏழாம் முறை கைப்பிடிச் சுற்றின் கணக்குத் தவறினால் முன் ஆறும் பாழ். ஊசல் சோதனையில் இருபது அலைவுகளை எண்ணுவதற்குள் தடுமாறுகிறவன் நான். அந்த அருமை எனக்குத் தெரியும். கறுப்பு அன்று செய்ததைப் பச்சை இன்று செய்கிறது. மனிதத் தோலின் நிறத்துக்குப் பச்சை தூரம். இன்றைய காமிராக்களில் பச்சையை உணரும் புள்ளிகள் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ளவற்றைப் போல் இரு மடங்கு. தேர்வுக்குக் காரணம் இவையே.

1902-இல் வந்த நிலாப் பயணப் படம் உலகெங்கும் ஓடியது. அமெரிக்காவில் திருட்டுப் பிரதிகளை ஓட்டியவர்கள் பணம் குவித்தனர். மெலியெஸ் கடனில் மூழ்கினார். 1913-க்குப் பின் படமே எடுக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரெஞ்சு இராணுவம் அவருடைய படச்சுருள்களை எடுத்துச் சென்று உருக்கியது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? பூட்சுக்குக் குதி செய்ய! எந்தத் தொழிலை வேண்டாமென்று வந்தாரோ, அதனிடமே அவர் கனவுகள் போய்ச் சேர்ந்தன. 1923-இல் அரங்கமும் இடிக்கப்பட்டது. மனமுடைந்தவர், மிஞ்சியிருந்த மூலச் சுருள்களைத் தம் கையாலேயே தீயிலிட்டார். எடுத்த படங்கள் 500-க்கு மேல். இன்று எஞ்சியவை சுமார் 200.

பின்னர் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் மனைவியுடன் பொம்மையும் மிட்டாயும் விற்றார். பத்திரிகையாளர்கள் அவரைக் கண்டுபிடித்தனர். 1929-இல் பாராட்டு விழா நடந்தது. 1931-இல் அரசு விருதும் வந்தது. 1938 ஜனவரி 21-இல் காலமானார்.

பாவாடைக் காட்சியை அழித்துவிடும்படி நண்பர்கள் அப்போதே சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் என் அறைக்கு வரலாம், கதாநாயகி சம்மதித்தால்.