பாடகர் குழுவில் ஒரு சான்சலர்

1935-ல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரால் புனிதராக உயர்த்தப்பட்ட தாமஸ் மூர், குருவோ துறவியோ அல்லர். நம்மைப் போன்ற குடும்பஸ்தர். இளமையில் லண்டன் கர்த்தூசியன் மடத்தில் சுமார் நான்கு ஆண்டுகள் துறவியரோடு செபித்தார். பின்னர் இல்லறத்தை ஏற்றார். செபத்தை மட்டும் விடவில்லை. செல்சியில் அவர் இல்லத்தில், இரவு உறங்குமுன் மனைவி மக்களும் பணியாட்களும் கூடிச் சங்கீதங்களைச் செபிப்பது வழக்கம்.

1529-ல் எட்டாம் ஹென்றி மன்னர் அவரை நாட்டின் சான்சலராக்கினார். வழக்குகள் மலைபோல் குவிந்தன. ஆயினும் அன்றாடத் திருப்பலிக்கே முதலிடம்.

அக்காலத்தில் ஒரு நாள், விருந்துண்ண வந்த நார்ஃபோக் கோமகன் அவரை எங்கே கண்டார் தெரியுமா? பங்கு ஆலயத்தில்! வெள்ளை மேலங்கி தரித்து, பாடகர்களோடு நின்று பாடிக்கொண்டிருந்தார் சான்சலர். கோமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. கோயில்பிள்ளை வேலை செய்து மன்னருக்கும் பதவிக்கும் இழுக்குத் தேடிவிட்டார் என்று வழியெல்லாம் கடிந்துகொண்டார். (நம் கோயில்பிள்ளைகள் பொறுத்தருள்க!) தம் தலைவராகிய இறைவனுக்கு ஊழியம் செய்வதால் மன்னர் வருந்தமாட்டார் என்று மூர் அமைதியாகப் பதிலளித்தார்.

மன்னர் வருந்தவே செய்தார், வேறு காரியத்தில். மறுமணத்துக்காகத் திருத்தந்தையின் அதிகாரத்தையே உதறினார். மூர் 1532-ல் பதவி துறந்தார். 1534-ல் மன்னர் கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்துச் சிறை புகுந்தார்.

1535 ஜூலை 6 அன்று வெட்டுமேடையில் முழந்தாளிட்டு அவர் செபித்தது 51-ஆம் சங்கீதம். செல்சியில் இரவுதோறும் பிள்ளைகளோடு செபித்த அதே சங்கீதம்.