தந்திக் கம்பி இழுத்த டாக்டர்

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் கஞ்சா என்றாலே போலீஸ் கேஸ்தான். அதே செடியில் வலிக்கு மருந்து தேடிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க!

அவர் வில்லியம் புரூக் ஓ'ஷாநெஸ்ஸி. அயர்லாந்துக்காரர். 1829-ல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கி, 1833-ல் இந்தியா வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார். நாட்டு வைத்தியர்கள் கஞ்சாவை மருந்தாகக் கொடுப்பதைக் கேட்டறிந்தார். ஆனால் கேட்டதை அப்படியே நம்பிவிடவில்லை. முதலில் நாய், ஆடு, மீனுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்! பிறகுதான் வாத நோயாளிகளுக்கு, சிறு அளவில். வலி தணிந்தது. அளவு மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்பதையும் மறைக்காமல் 1839-ல் எழுதி வைத்தார்.

வெறிநாய் கடித்த ஒருவருக்கும் கொடுத்தார். நோய் தீரவில்லை, அவர் சில நாளில் இறந்துவிட்டார். ஆனால் தண்ணீரைக் கண்டாலே துடித்த மனுஷன், ஆரஞ்சுச் சாறு உறிஞ்சினார், சோறு தின்றார். இதைப் படிச்சப்போ எங்க தாத்தா ஞாபகம் வந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். தொண்டையில் புற்று. கடைசி மாசம் ஒரு மடக்குக் கஞ்சித்தண்ணி இறங்காமல் அழுதார். இனி தீராது என்று வீட்டுக்கு அனுப்பியவர்கள், வலிக்கென்று எதுவும் எழுதித் தரவில்லை.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, இன்னொன்று கேளுங்க. கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, பம்பாய், சென்னை வரை தந்திக் கம்பி இழுக்க வைத்ததும் இதே டாக்டர்தான்! 1856-ல் சர் பட்டம் கிடைத்தது. 1889-ல் இங்கிலாந்தில் காலமானார். அவர் தொடங்கி வைத்த தந்தி 2013 வரை ஓடியது.