கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்: வணிகமும் சமுதாயத் தொண்டும்

நமது ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்கும் இவ்வேளையில், பொதுவாழ்வை அமானிதமாகக் கருதி வாழ்ந்த ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம். அவர்தாம் மர்ஹூம் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அன்னார், இளமையிலேயே தந்தையை இழந்து தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்க அழைப்பையேற்றுப் பட்டப்படிப்பைத் துறந்தார்கள்.

பின்னர் சென்னையில் கொடைவள்ளல் ஜமால் முகம்மது சாகிப் அவர்களின் தோல் நிறுவனத்தில் சேர்ந்து, பொறுப்பான நிலைக்கு உயர்ந்தார்கள். ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டு வந்த நம் பகுதியில், விரைவாகப் பதனிடும் குரோம் முறை பரவிய காலம் அது. அத்தொழிலால் பெயர்பெற்ற குரோம்பேட்டையில், 'தயா மன்ஸில்' இல்லத்தில் அவர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 2019இல் அமைந்த இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ளது. ஆகவே செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை வாழும் நமக்கு அவர்கள் அண்டை வீட்டாரே ஆவார்கள்.

தோல் வணிகத்தில் செல்வம் குவிக்க வழியிருந்தும், அன்னார் சமுதாயப் பணியையே தேர்ந்தார்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள். பிரிவினைக்குப் பின் சமுதாயம் கலங்கி நின்றபோது, 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமையை ஏற்றார்கள். அரசியல் நிர்ணய சபையில் தாய்மொழி தமிழுக்காக வாதாடினார்கள். 1962இல் சீனப்போரின்போது தம் ஒரே மகனை இராணுவத்திற்கு அனுப்ப முன்வந்தார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தனர்.

சமுதாயத்தின் தலையாய தேவை கல்வியே என்பதை நன்குணர்ந்து, முஸ்லிம் கல்லூரிகள் உருவாக ஊக்கமளித்தார்கள். திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951இல் தொடங்கப்பெற்றன.

1972 ஏப்ரல் 5 அன்று மறைந்த அன்னார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். 1974இல் சென்னையில் அரசு மகளிர் கல்லூரிக்கு அன்னாரின் பெயர் சூட்டப்பட்டது.

பொறுப்பு என்பது பெருமையன்று, பதில் கூறவேண்டிய கடமை என்பதே அவர்தம் வாழ்வு உணர்த்தும் பாடம். நிர்வாகத்தினராகிய நாமும், கணக்குக் கேட்கும் உறுப்பினர்களும் அதை நெஞ்சில் இருத்துவோமாக. வல்ல அல்லாஹ் அன்னாரின் பாவங்களை மன்னித்து, மேலான சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.